முதுகலைத் தமிழை எங்கே படிப்பது?

தமிழ்நாட்டில் எம்.ஏ. தமிழ் வகுப்பு நடக்காத மாவட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பல்கலைக்கழகத் துறைகள், அரசுக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள், சுயநிதிக் கல்லூரிகள், மடங்களும் தமிழ்ச் சங்கங்களும் நிறுவிய தமிழ்க் கல்லூரிகள், தொலைநிலைக் கல்வி நிறுவனங்கள் என எல்லா வகை நிறுவனங்களும் அதை நடத்துகின்றன. புதுச்சேரி, திருவனந்தபுரம், தில்லி, யாழ்ப்பாணம், பேராதனை என்று எல்லைக்கு வெளியிலும் தமிழில் மேற்படிப்பு உண்டு. சான்றிதழில் அச்சாகும் பட்டத்தின் பெயர் ஏறக்குறைய எங்கும் ஒன்றே. அந்த இரண்டு ஆண்டுகளில் மாணவர் எதை வாசிக்கிறார், யாரிடம் வாசிக்கிறார், எந்த நூலகத்தில் உட்காருகிறார் என்பவை இடத்துக்கு இடம் மாறுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேர்வோரைவிடத் துறையைப் பார்த்துச் சேர்வோர் ஏமாறுவது குறைவு.

படிப்பின் எலும்புக்கூடு எங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். நான்கு பருவங்கள்; தொல்காப்பியத்தின் மூன்று அதிகாரங்கள், சங்க இலக்கியம், காப்பியங்கள், பக்தி இலக்கியம், சிற்றிலக்கியம், இக்கால இலக்கியம், திறனாய்வு, மொழியியல், ஆராய்ச்சி நெறிமுறைகள் ஆகியவை கட்டாயத் தாள்களாக நிற்கும். நாட்டுப்புறவியல், ஒப்பிலக்கியம், கல்வெட்டியல், சுவடியியல், மொழிபெயர்ப்பியல், இதழியல், கணினித் தமிழ், பெண்ணியம், தலித் இலக்கியம் போன்றவை விருப்பப் பாடங்களாக வரும். 2023இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்து மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியபின் கட்டாயத் தாள்களில் இருந்த வேறுபாடுகள் இன்னும் குறைந்துவிட்டன. ஆகவே, ஒரு துறை எப்படிப்பட்டது என்பதை விருப்பப் பாடங்களின் பட்டியலிலிருந்துதான் ஊகிக்க முடியும். நாட்டுப்புறவியலில் களப்பணி செய்தவர் இருக்கும் துறையில்தான் அந்தத் தாள் உண்மையாக நடக்கும். மற்ற இடங்களில் அது கையேட்டைப் பார்த்து எழுதும் தேர்வாகச் சுருங்கிவிடும்.

பாடத்திட்டத்தைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. தாளின் தலைப்பைத் தாண்டி, அதன் கீழ் எந்தப் பகுதி, எந்த உரை, எந்தப் பதிப்பு என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொருளதிகாரத்தை இளம்பூரணர் உரையுடன் முழுமையாக வாசிக்கும் துறை ஒன்று. நூற்பாக்களுக்குப் பொழிப்புச் சொல்லி நகரும் துறை இன்னொன்று. சொல்லதிகாரத்தைச் சேனாவரையத்தோடு ஒரு பருவம் முழுக்கப் படித்தவருக்கு உரையாசிரியர் ஒருவர் எப்படி வாதிடுகிறார், எதிர்த்தரப்பை எப்படி மறுக்கிறார் என்பது பழகிப் போகும். அந்தப் பழக்கம் நவீன நாவலைப் பற்றி எழுதும்போதுகூடக் கைகொடுக்கும். சங்க நூல்களிலும் இதே அளவுகோலைக் கொள்ளலாம்: அகநானூற்றில் சில பாடல்கள், புறநானூற்றில் சில பாடல்கள் என்று பத்துப் பத்தாகப் பொறுக்கி வைத்த பாடத்திட்டத்தைவிட, ஒரு தொகை நூலையாவது முழுதாக வாசிக்கச் சொல்லும் பாடத்திட்டம் மேல்.

துறைகளின் வரலாறு மாணவருக்கு எவ்வளவு பயன்படும் என்பது விவாதத்துக்கு உரியது. ஆனாலும் ஒவ்வொரு துறையின் நூலகச் சேகரிப்பும் ஆய்வு மரபும் அந்த வரலாற்றிலிருந்தே வந்தவை என்பதால் அதைத் தெரிந்துகொள்வது வீணாகாது.

1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழாய்வு வேரூன்றியது பேரகராதிப் பணியோடு. 1926இல் அதன் பதிப்பாசிரியரான எஸ். வையாபுரிப் பிள்ளையின் காலத்தில் அகராதியின் ஆறு தொகுதிகள் 1936க்குள் நிறைவெய்தின. 1939இல் பின்னிணைப்பும் வந்தது. கால ஆராய்ச்சியும் பாட ஒப்பீடும் அங்கே வலுப்பெற அதுவே அடித்தளம். பின்னர் ரா.பி. சேதுப்பிள்ளை, மு. வரதராசன் போன்றோர் தமிழ்த் துறையை நடத்தினர். இன்று தமிழ் இலக்கியத்துக்கும் தமிழ் மொழிக்கும் அங்கே தனித்தனித் துறைகள் இருக்கின்றன. விண்ணப்பிப்பவர் எந்தத் துறைக்கு விண்ணப்பிக்கிறோம் என்பதைத் தெரிந்து விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பல்கலைக்கழகத்தின் பெரிய பலம் அதன் வளாகத்துக்கு வெளியே இருக்கிறது. கன்னிமாரா பொது நூலகம், அண்ணா நூற்றாண்டு நூலகம், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகிய அனைத்தும் ஒரே நகரத்தில் பேருந்தில் போய்வரும் தூரத்தில் உள்ளன. கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களையும் இதழ்களையும் கொண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் எழுந்த அந்த நூலகத்தைப் பயன்படுத்தாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகளைப் பற்றியோ பழைய இதழ்களைப் பற்றியோ ஆய்வு செய்வது கடினம். அச்சுப் பண்பாடு, பதிப்பு வரலாறு, இதழியல், நவீன இலக்கியம் ஆகியவற்றில் நாட்டம் உள்ளவர்களுக்குச் சென்னைக்கு மாற்று இல்லை.

சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு இதற்கு முற்றிலும் வேறானது. விடுதியில் தங்கிப் படிக்கும் வளாகமாகவே அது தொடங்கியது. ஈழத்திலிருந்து வந்த விபுலானந்த அடிகள் 1931இல் அங்கே தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அவருக்குப் பின் நாவலர் ச. சோமசுந்தர பாரதியார், பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார், ஔவை சு. துரைசாமிப் பிள்ளை, வ.சுப. மாணிக்கம் என்று பெரும்புலவர் வரிசை ஒன்று அங்கே பாடம் சொன்னது. இரா. நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் அங்கே தமிழ் படித்தவர்கள். திராவிட இயக்க மேடைத் தமிழுக்கும் அந்த வகுப்பறைகளுக்கும் உள்ள உறவைப் பற்றித் தனி நூலே எழுதலாம். தெ.பொ. மீனாட்சிசுந்தரனார், ச. அகத்தியலிங்கம் ஆகியோரால் அங்கே மொழியியல் உயராய்வு மையம் வளர்ந்தது. இலக்கியம் படிக்கும் மாணவர் பக்கத்துத் துறையில் ஒலியனியலும் தொடரியலும் கேட்கலாம் என்பது பிற இடங்களில் எளிதில் கிடைக்காத வசதி. 2013இல் மாநில அரசு சட்டம் இயற்றி அந்தப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை ஏற்றது.

மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கி 1978இல் காமராசர் பெயரை ஏற்றது. அதன் முதல் துணைவேந்தர் தெ.பொ.மீ.; அவருக்கு அடுத்து மு.வ.; 1979 முதல் 1982 வரை வ.சுப. மாணிக்கம். தமிழறிஞர்கள் மூவரைத் துணைவேந்தராகக் கண்டது அதன் தனிச்சிறப்பு. கோயில், திருவிழா, சாதி, வழிபாடு ஆகியவற்றை இலக்கியத்தோடு சேர்த்துப் படிக்கும் போக்குக்கு அந்த வட்டாரம் இயல்பாகவே இடம்தந்தது. தொ. பரமசிவன் அங்கே செய்த அழகர் கோயில் ஆய்வைப் பல்கலைக்கழகமே 1989இல் நூலாக வெளியிட்டது. கோயிலாய்வில் அந்நூல் இன்றும் முன்னோடி. அவரே பின்னர் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைத் தலைவராக இருந்தார். 1990இல் தோன்றிய அந்தப் பல்கலைக்கழகமும், தே. லூர்து நாட்டார் வழக்காற்றியலை வளர்த்தெடுத்த பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியும் சேர்ந்து தென்மாவட்டங்களில் பண்பாட்டு ஆய்வுக்கு ஒரு மரபை உண்டாக்கின. வில்லுப்பாட்டு, நாட்டார் தெய்வங்கள், கதைப்பாடல் என்று களம் இறங்க விரும்பும் மாணவர் தாமிரபரணிக் கரையைத் தேர்ந்தெடுப்பதில் பொருள் உண்டு.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காரணம், பெயரை வைத்து மாணவர்கள் அதிகம் தவறாகக் கணிக்கும் இடம் அது. 1981 செப்டம்பரில் தொடங்கி, வ.அய். சுப்பிரமணியத்தை முதல் துணைவேந்தராகக் கொண்ட அந்நிறுவனம் முதலில் ஆய்வுக்கென்றே வகுக்கப்பட்டது. வகுப்பு நடத்தும் முதுகலைப் படிப்புகள் பின்னால் வந்தவை. கலை, சுவடி, வளர்தமிழ், மொழி, அறிவியல் என்று புலங்களாகப் பிரிந்த அதன் அமைப்பில் ஓலைச்சுவடி, கல்வெட்டியல், அகராதியியல், சிற்பம், நாட்டுப்புறவியல் ஆகியவற்றுக்குத் தனித் துறைகள் உண்டு. வாழ்வியற் களஞ்சியம், அறிவியல் களஞ்சியம் போன்ற பெருந்தொகுப்புகள் அங்கிருந்துதான் வெளிவந்தன. நகருக்குள் சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது. சுற்றிலும் சோழர் காலக் கோயில்களும் அவற்றின் கல்வெட்டுகளும் இருக்கின்றன. சுவடியையோ கல்வெட்டையோ நேரடியாகப் படிக்கக் கற்க வேண்டும் என்ற தீர்மானத்தோடு வருபவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அந்தத் தீர்மானம் இல்லாமல், பெயரிலேயே தமிழ் இருக்கிறது என்பதற்காக வருபவர், ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் வளாகத்தில் வழக்கமான ஓர் எம்.ஏ. படிப்பை முடித்துவிட்டுப் போவார். சுவடித் துறையின் கதவைத் தட்டாமலே இரண்டாண்டு அங்கே கழிப்பது சாத்தியம்தான்.

சென்னைத் தரமணியில் 1970இல் அமைந்த உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்று முதுகலை வகுப்பு நடத்துகிறது. சிறு வகுப்பு, அருகிலேயே ரோஜா முத்தையா நூலகம் என்று அதற்கும் அனுகூலங்கள் உண்டு. 1982இல் உருவான பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்கள், காரைக்குடி அழகப்பா, சேலம் பெரியார் பல்கலைக்கழகங்கள், கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் துறைகள் வயதில் இளையவை. தனித்த மரபு என்று உறுதியாகச் சொல்வதைவிட, அந்தந்தக் காலத்துப் பேராசிரியர்களைப் பொறுத்து ஏறியும் இறங்கியும் வந்தவை என்பது பொருந்தும்.

மத்தியப் பல்கலைக்கழகங்கள் தனி வகை. புதுவைப் பல்கலைக்கழகம் 1985இல் தோன்றியது. காலாப்பட்டு வளாகத்தில் சுப்பிரமணிய பாரதியார் பெயரில் தமிழ்ப் புலம் இயங்குகிறது. அதே ஊரில் 1955 முதல் பிரெஞ்சு நிறுவனமும், தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் மையமும் இருக்கின்றன. இலக்கணப் பேரறிஞர் தி.வே. கோபாலையர் பல்லாண்டு பணியாற்றிய அந்தச் சூழலில்தான் சங்க நூல்களின் செம்பதிப்புப் பணிகள் நடந்தன. ஐரோப்பிய ஆய்வாளர்கள் வந்துபோகும் அந்த நிறுவனங்களோடு தொடர்பு கொள்ளும் மாணவருக்கு மூலபாடத் திறனாய்வில் கிடைக்கும் பயிற்சி தமிழ்நாட்டு வளாகங்களில் எளிதில் கிடைப்பதில்லை. 2009இல் திருவாரூரில் அமைந்த தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் செம்மொழித் தமிழை மையமாகக் கொண்ட முதுகலையை நடத்துகிறது. தொன்மை நூல்களில் மட்டும் ஊன்ற விரும்புபவருக்கு அது ஏற்றது, இக்கால இலக்கியம் நாடி வருபவருக்கு ஏமாற்றம் தரும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் நவீன இந்திய மொழிகள் துறைக்குள் தமிழ் இருக்கிறது. வங்காளமும் பிற மொழிகளும் அடுத்த அறையில் படிக்கப்படுவதால் தமிழைப் பிற இந்திய இலக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் தானே வந்துவிடும். ஒப்பிலக்கியத்தையே முதன்மையாகக் கொள்ள விரும்புபவர், 1956இல் இந்தியாவின் முதல் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கிய கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தையும் கணக்கில் எடுக்கலாம். அங்கே எழுத்து ஆங்கிலத்தில்.

கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் உள்ள தமிழ்த் துறையை வையாபுரிப் பிள்ளை 1950களின் தொடக்கத்தில் வழிநடத்தினார், வ.அய். சுப்பிரமணியம் அங்கிருந்தே மொழியியல் துறையை எழுப்பினார். கன்னியாகுமரி மாவட்ட மாணவர்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் அருகில். மலையாளமும் தெரிந்தால், மணிப்பிரவாளம் முதல் சேரநாட்டு வரலாறு வரை அங்கே திறக்கும் கதவுகள் பல.

கல்லூரிகளை இரண்டாம் தரமாக நினைக்கும் வழக்கம் பல்கலைக்கழகங்கள் பெருகிய பின் வந்தது. உ.வே. சாமிநாதையர் 1880 முதல் கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் 1903 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பாடம் சொன்னவர், மு.வ. 1961 வரை பச்சையப்பன் கல்லூரி ஆசிரியர். மதுரை தியாகராசர் கல்லூரியில் ஔவை துரைசாமிப் பிள்ளையும் சி. இலக்குவனாரும் பணியாற்றினர், அப்துல் ரகுமான், மீரா போன்ற கவிஞர்கள் அங்கே படித்தவர்கள். இன்றைய நிலையில் ஒரு வேறுபாடு முக்கியம். இணைவுக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் வினாத்தாளும் பல்கலைக்கழகத்துடையவை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவை கல்லூரியுடையவை. 1978இல் இந்தியாவிலேயே முதலில் தன்னாட்சி பெற்றவை தமிழகக் கல்லூரிகள். நல்ல துறைத் தலைவர் வாய்த்த தன்னாட்சிக் கல்லூரி ஒன்று, பல்கலைக்கழகத் துறையைவிட விரைவாகப் புதிய நாவல்களையும் புதிய திறனாய்வையும் வகுப்புக்குக் கொண்டுவந்துவிடும். அக்கறையற்ற தன்னாட்சியில் அதே ஆசிரியர் பாடம் நடத்தி, அவரே வினாத்தாள் எடுத்து, அவரே திருத்தி, எல்லாரும் எழுபது விழுக்காடு வாங்கி வெளியேறுவதும் நடக்கும்.

தமிழ்ச் சங்கங்களும் ஆதீனங்களும் நடத்தும் கல்லூரிகள் பழைய புலவர் படிப்பின் வாரிசுகள். 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ்க் கல்லூரி, 1938இல் தோன்றிய கரந்தைப் புலவர் கல்லூரி, மயிலம், தருமபுரம், திருப்பனந்தாள், பேரூர் ஆகிய இடங்களின் கல்லூரிகள் இவ்வகையின. யாப்பும் இலக்கணமும் மனப்பாடமாகும் அளவுக்குப் பயிற்சி தந்த மரபு அவற்றுடையது. வெண்பா எழுதத் தெரிந்த எம்.ஏ. மாணவரை இன்று பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் இவற்றின் வழிவந்தவராகவே இருப்பார். கோட்பாடும் மேலைத் திறனாய்வும் இங்கே மெலிந்தே இருக்கும்.

ஈழத்தில் இந்தப் படிப்பின் அமைப்பு வேறு. யாழ்ப்பாணத்தில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் க. கைலாசபதி, 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாகியது. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து திரும்பி, இலக்கியத்தைச் சமூக வரலாற்றோடு பிணைத்துப் படிக்கும் முறையை அங்கே நிலைநிறுத்தினர். பேராதனையில் க. கணபதிப்பிள்ளை, வி. செல்வநாயகம், சு. வித்தியானந்தன் ஆகியோர் வளர்த்த மரபு அதற்கு முந்தியது. நான்காண்டுச் சிறப்புக் கலைமாணிப் பட்டமே அங்கே அடிப்படை. முதுகலைமாணி, முதுதத்துவமாணி ஆகியவை அதன்மேல் எழும் ஆய்வுப் பட்டங்கள். நூல் எண்ணிக்கையில் சென்னைக்கு ஈடில்லை என்றாலும், ஆய்வுக் கட்டுரை எழுதும் ஒழுங்கில் அந்த மரபு தமிழ்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியது நிறைய. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தனிநாயக அடிகள் 1961 முதல் வழிநடத்திய இந்திய ஆய்வியல் துறை, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடக் காரணமான இடம். சிகாகோ, பெர்க்லி, ஹைடல்பெர்க், ஹாம்பர்க் போன்றவற்றில் தமிழ் என்பது தெற்காசியவியலின் ஒரு கிளை. ஆங்கிலமும் சமஸ்கிருதமும் கையில் இருப்பவர், தமிழ்நாட்டில் எம்.ஏ. முடித்து முனைவர் பட்டத்துக்குப் போகும் இடங்கள் அவை.

இவ்வளவு மரபும் இருந்தும், விண்ணப்பிக்கும் ஆண்டில் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்பதே தீர்க்கமான கேள்வி. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் பணியிடங்கள் நீண்டகாலம் நிரப்பப்படாமல், கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே வகுப்புகள் ஓடுகின்றன. அவர்களில் மிகச் சிறந்த ஆசிரியர்கள் பலர். ஆனால் அடுத்த கல்வியாண்டில் அங்கேயே இருப்பார்களா என்பது அவர்களுக்கே தெரியாது. சில பல்கலைக்கழகங்கள் சம்பளம் கொடுக்கவே திண்டாடிய செய்திகள் அண்மை ஆண்டுகளில் நாளிதழ்களில் வந்தன. பத்துப் பேர் இருந்த துறையில் மூவர் மிஞ்சினால், பட்டியலில் உள்ள விருப்பப் பாடங்களில் பாதி காகிதத்தோடு நின்றுவிடும். எனவே எந்தெந்த விருப்பப் பாடங்கள் கடந்த ஆண்டு உண்மையாக நடந்தன என்பதை அங்கே படிக்கும் மூத்த மாணவரிடம் கேட்டறிவது, இணையதளத்தைப் பார்ப்பதைவிட நம்பகமானது.

ஆசிரியர்களின் ஆய்வை அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை முழுமையாகத் தரும் ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் துறையின் பெயரைக் கொண்டு தேடினால், அங்கே யார் யாரை நெறிப்படுத்தினார், என்ன தலைப்புகள் என்று தெரிந்துவிடும். ஓர் எழுத்தாளர் பெயரையும் ‘நாவல்களில் பெண்கள்’ அல்லது ‘ஓர் ஆய்வு’ என்ற வாலையும் மாற்றி மாற்றிப் போட்ட தலைப்புகளே வரிசையாக வந்தால் வேறு துறையைப் பார்க்கலாம். பதிப்பு, சுவடி, வட்டார வரலாறு, இதழ்த் தொகுப்பு என்று ஆதாரங்களைத் தேடிப்போன ஏடுகள் இருந்தால் அந்தத் துறையில் உயிர் இருக்கிறது.

ஆய்வுப் பயிற்சி முதுகலையிலேயே கிடைக்க வேண்டிய கட்டாயம் இப்போது கூடியிருக்கிறது. முன்பு எம்.ஏ.வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவில் எம்.ஃபில். என்று ஓராண்டு இருந்தது. மேற்கோள் காட்டுவது, அடிக்குறிப்பு எழுதுவது, தரவு திரட்டுவது எல்லாம் அங்கே பழகும். 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு விதிகள் எம்.ஃபில். படிப்பை நிறுத்திவிட்டன. ஆகவே நான்காம் பருவத்தில் ஆய்வேடு எழுதவைக்கும் துறையா, அந்த ஏட்டை நெறியாளர் வரிவரியாகத் திருத்துகிறாரா, அல்லது பழைய ஏடு ஒன்றைக் கணினி மையத்தில் தட்டச்சுச் செய்து ஒப்படைத்தாலும் போதுமா என்பதை முன்கூட்டியே அறிய வேண்டும்.

தேசியத் தரவரிசை இதில் உதவாது. 2016 முதல் வரும் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் பல்கலைக்கழகம், கல்லூரி, பொறியியல், மருத்துவம் என்று வகைப்படுத்துகிறது; இலக்கியத்துக்கு அதில் தனிப் பிரிவு இல்லை. ஆய்வு வெளியீடுகளை அது எண்ணுவதும் ஸ்கோபஸ் போன்ற பன்னாட்டுத் தரவுத்தளங்களைக் கொண்டுதான். தமிழில் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகள் அவற்றில் ஏறுவது அரிது. வேதியியல் துறையின் சாதனையால் ஒரு பல்கலைக்கழகம் முன்னேறியிருக்கலாம், தமிழ்த் துறை அப்படியே கிடக்கலாம். நாக் தரச் சான்றும் நிறுவனம் முழுவதற்கும் தரப்படுவதே.

வேலையை முன்னிட்டுப் படிப்பவர்களின் கணக்கு வேறு. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் தேர்ச்சி குறைந்தபட்சத் தகுதி. நெட் எழுத முதுகலையில் பொதுப் பிரிவினருக்கு 55 விழுக்காடும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 விழுக்காடும் வேண்டும். இளநிலை ஆய்வு நல்கை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வருவதால், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு முனைவர் பட்டம் எட்டக்கூடியதாகிறது. பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்குப் பி.எட்.டும் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வும் தேவை. இத்தேர்வுகள் நூல், ஆசிரியர், பா எண்ணிக்கை, உரை என்று தகவலைக் கேட்பவை. பழைய நூல்களை விரிவாக நடத்தும் துறையில் படித்தவருக்கு அவை எளிது. கோட்பாட்டுச் சார்பான துறையில் படித்தவர் தனியே உழைக்க நேரும். வேறு பாடத்தில் இளங்கலை முடித்து, பகுதி 1 தமிழை வைத்து எம்.ஏ.வில் சேர்வோர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமா என்று நியமன விதிகள் கேட்பதுண்டு என்பதால், அறிவிப்புகளைப் படித்துவிட்டே அவர்கள் சேர வேண்டும்.

‘கரஸ்’ஸில் எம்.ஏ. முடிப்பது தமிழ்நாட்டில் பல்லாயிரம் ஆசிரியர்களின், இல்லத்தரசிகளின் வழி. மதுரை 1971இலும், அண்ணாமலை 1979இலும், சென்னை 1981இலும் இதைத் தொடங்கின. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. ஏற்பு பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணை என்று மானியக்குழு 2022இல் தெளிவாக்கியது. ஏற்பு என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது: அது ஆண்டுதோறும், படிப்பு வாரியாக வழங்கப்படுவதால் சேரும் பருவத்தில் மானியக்குழுவின் பட்டியலில் அந்தப் படிப்பு உள்ளதா என்று பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. இளங்கலை இல்லாமலே திறந்தநிலை வழியில் நேரடியாக எம்.ஏ. பெற்றவர்களின் பட்டத்தை 2009இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்த கதை இன்னும் பலருக்கு நினைவிருக்கும். தகுதிக்காகப் படிப்பவருக்குத் தொலைநிலை போதும். ஆய்வுக்குப் போக நினைப்பவருக்கு வகுப்பறையும் நூலகமும் இல்லாத இரண்டாண்டு பெரிய இழப்பு.

செலவைப் பொறுத்தவரை, தமிழ் படிப்பது எங்கும் மலிவே. கல்விக் கட்டணத்தைவிடத் தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் ஆகும் பணமே முடிவைத் தீர்மானிக்கிறது. சென்னையில் விடுதி இடம் கிடைக்காவிட்டால் அறை வாடகையே குடும்பத்தை அழுத்தும். சிதம்பரமும் காலாப்பட்டும் திருவாரூரும் விடுதியோடு கூடிய வளாகங்கள் என்பதால் அங்கே இந்தக் கவலை குறைவு. அரசின் புதுமைப் பெண் திட்டத்தின் மாத ஆயிரம் ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடுகிறது. பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடுகளில் அருகிலுள்ள அரசுக் கல்லூரியே ஒரே வாய்ப்பாக இருக்கும். அங்கே சேர்பவர் கோடை விடுமுறைகளைத் தஞ்சையிலோ சென்னையிலோ ஏதேனும் ஒரு நூலகத்தில் செலவிட முடிந்தால் இழப்பில் பாதியை ஈடுகட்டலாம். மின்னூல் வடிவில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும், மதுரைத் திட்டமும், ஈழத்து நூலகம் தளமும் எந்த ஊரிலும் கிடைக்கின்றன.

கடைசியாக, காலக்கெடு. மாநிலப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பெரும்பாலும் இளங்கலை மதிப்பெண்ணைக் கொண்டு, கோடையில் தேர்வு முடிவு வரும் தறுவாயில் விண்ணப்பம் பெறுகின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்கள் 2022 முதல் பொது நுழைவுத் தேர்வின் வழியே இடம் தருகின்றன. அதற்கான விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியிலேயே திறந்து, மார்ச் மாதத்தில் தேர்வு நடந்துவிடுகிறது. புதுச்சேரியையோ திருவாரூரையோ தில்லியையோ நினைக்கும் மாணவர் மூன்றாம் ஆண்டுப் பொங்கலுக்குள் தீர்மானித்துவிட வேண்டும்.